விரல் தொடும் பெயிண்ட்

காரின் வெளிப்பக்கத்தில் அடித்த பெயிண்டைக் கண் பார்க்கிறது. உள்ளே அடித்த பெயிண்டை விரல் தொடுகிறது. டோர் பேட் கைப்பிடி, கியர் லிவரைச் சுற்றிய கன்சோல், ஜன்னல் சுவிட்ச் பதித்த பட்டை எல்லாம் நாள் முழுக்கக் கை பட்டுக்கொண்டே இருக்கும் இடங்கள். வியர்வை, தலைக்கு வைத்த எண்ணெய், சானிடைசர், மோதிரம், சாவிக்கொத்து அத்தனையும் அங்கேதான் உரசும். டிங்கரிங், பட்டி, பெயிண்டிங் என்று வெளிப் பாடியில் தொழில் கற்றுக்கொண்டு உள்வேலைக்கு வரும் பையன்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: வெளியே உனக்குப் பெயர் வாங்கித் தந்த கனம், வழவழப்பு, பளபளப்பு மூன்றும் இங்கே குற்றம்.

எங்களிடம் வரும் வேலைகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரியானவை. பழைய கார் வாங்கியவர், அழுக்கேறிப் பழுத்துப்போன பீஜ் நிற உட்புறத்தைக் கருப்பாக்கித் தரக் கேட்பார். கேட்பதற்கு எளிது. ஆனால் ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுப்பதற்கு முன்னால் அந்தப் பாகத்தைக் கழற்றிப் புரட்டிப் பார்க்க வேண்டும். பின்புறத்தில் இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவே சின்ன எழுத்துகள் அச்சில் வார்த்திருக்கும். ஏபிஎஸ் என்று இருக்கலாம். பிபி என்று இருக்கலாம். ‘பிபி-டிடி20’ என்றிருந்தால் நூற்றுக்கு 20 பங்கு டால்க் பொடி கலந்த பாலிப்ரொப்பிலீன். மறுசுழற்சிக்காகப் போட்ட குறிதான். பெயிண்டருக்கு அதுவே ஜாதகம்.

ஏபிஎஸ் பெயிண்டை ஏற்கும் பொருள். தின்னர் அதன் மேல்தோலை லேசாக இளக்கி உள்ளே பிடித்துக்கொள்ளும். தின்னர் காரமாகிவிட்டால் மட்டும் மயிரிழை போல வெடிப்பு விடும். பாலிப்ரொப்பிலீன் அப்படியல்ல. அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தால் பரவாமல் உருண்டு நிற்கும். எந்தத் திரவமும் பரவ வேண்டுமானால் அடியில் இருக்கும் பரப்பு அதை இழுக்க வேண்டும். அந்த இழுவிசை ஏபிஎஸ்ஸுக்கு மீட்டருக்கு 40 மில்லிநியூட்டனை நெருங்கும். பாலிப்ரொப்பிலீனுக்கு 30ஐ ஒட்டியே நிற்கும். பம்பர் தயாரிக்கும் தொழிற்சாலைகளில் தீ நாக்கை மேலே ஓட்டி இந்தக் குறையைச் சரிசெய்வது உண்டு. பட்டறையில் நமக்கு இருப்பது பிளாஸ்டிக் ப்ரைமர். அதில் உள்ள குளோரின் ஏற்றிய பாலிஒலிஃபின், ஒரு கையால் பிளாஸ்டிக்கையும் மறு கையால் பெயிண்டையும் பிடிக்கிறது. உட்புறத்துக்கு நிறமில்லாத, நீர்த்த ப்ரைமராகப் பார்த்து வாங்க வேண்டும். பள்ளம் நிரப்புவதற்காக வரும் சாம்பல் நிற ப்ரைமர் இங்கே உதவாது.

ஏன் உதவாது என்பதில்தான் இந்த வேலையின் உயிர் இருக்கிறது. டேஷ்போர்டைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள். தோல் மாதிரி ரேகை ஓடியிருக்கும். அது அச்சிலேயே வார்த்தது; ஒரு முறை அழிந்தால் பட்டறையில் திரும்ப வராது. வெளிப் பாடியில் கம்பெனி பெயிண்டின் மொத்தக் கனம் சுமாராக 100 முதல் 150 மைக்ரான். பல பாகங்களில் ரேகைப் பள்ளத்தின் ஆழமும் ஏறக்குறைய அவ்வளவுதான். வெளியே அடிக்கிற கனத்தை உள்ளே அடித்தால் பள்ளம் நிரம்பி, பிளாஸ்டிக் மொழுமொழுவென்று பொம்மை போலாகிவிடும். அதனால் உலர்ந்தபின் மொத்தமே 20, 30 மைக்ரானுக்குள் நிற்கும்படி அடிக்கிறோம். வாட்டர் பேப்பரும் இங்கே எதிரிதான். பாலிப்ரொப்பிலீனைத் தேய்த்தால் அது வழவழப்பாகாது. பஞ்சு பஞ்சாகப் பிசிறு கிளம்பும். சாம்பல் நிற ஸ்காட்ச் பிரைட்டில் சோப்புத் தண்ணீர் தொட்டு, ரேகை மழுங்காத அளவுக்குத் தேய்த்தால் போதும்.

அதற்கும் முன்னால் கழுவ வேண்டும். சர்வீஸ் முடிந்து வெளியே வரும் காரின் டேஷ்போர்டில் பளபளவென்று ஒரு பாலிஷ் தடவி அனுப்புவார்கள். அந்தப் பாலிஷ்கள் பலவற்றில் சிலிக்கான் எண்ணெய் இருக்கிறது. அது ரேகைப் பள்ளங்களில் போய் உட்கார்ந்துவிடும். அதன் மேல் பெயிண்ட் விழுந்தால் விலகி ஓடி, குட்டிக் குட்டிக் குழியாக நிற்கும். பாத்திரம் தேய்க்கும் சோப்பும் மெல்லிய பிரஷும் கொண்டு முதலில் கழுவ வேண்டும். காய்ந்தபின் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். கையில் இரண்டு துணி வேண்டும்: ஒன்று நனைத்துத் துடைக்க, இன்னொன்று ஈரம் காய்வதற்குள் வழித்தெடுக்க. ஒரே துணியால் செய்தால் எண்ணெய் போகாது, இடம்தான் மாறும்.

இனி கன். முதல் கோட் பனி படிந்த மாதிரி மட்டுமே விழ வேண்டும். அடியில் இருக்கும் பீஜ் நன்றாகவே தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கு அங்கேதான் பொறுமை போய்விடும், உடனே நிரப்பப் பார்ப்பார்கள். காத்திருந்து அடுத்த கோட் அடிக்க வேண்டும், அதுவும் வேறு திசையிலிருந்து. ரேகையின் ஒவ்வொரு மேட்டுக்கும் இரண்டு சரிவு உண்டு. இடமிருந்து வலமாக மட்டும் அடித்தால் ஒரு சரிவு கருக்கும், மறுசரிவு பீஜாகவே நிற்கும். பட்டறையில் எதுவும் தெரியாது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்க்கும்போது கருப்பு, பக்கத்து சீட்டிலிருந்து பார்த்தால் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். நான்கு திசையிலிருந்தும் மெல்லிசாக அடித்து, டியூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துச் சாய்த்துப் பார்த்தால்தான் இது பிடிபடும்.

பளபளப்புக்கு வருவோம். “அண்ணே, புதுசு மாதிரி மின்னணும்” என்று சிலர் கேட்பார்கள். “டேஷ்போர்டு மின்னுச்சுன்னா பகல்ல அதோட நிழல் கண்ணாடியில விழும் சார். ரோடு தெரியாது” என்பேன். காரைச் செய்தவர்கள் டேஷ்போர்டின் மேல்பகுதியை மினுக்கில்லாமல், மேட் பூச்சாக விட்டது காரணத்தோடுதான். மேட் பெயிண்டில் பளபளப்பைக் குறைக்கும் பொடி டப்பாவின் அடியில் தங்கிவிடும். ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் கலக்காவிட்டால் கதவுக்குக் கதவு மினுக்கு மாறும். ஐப்பசி மழைக்காலத்தில் லாக்கர் அடித்தால் தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து வெள்ளை பூக்கும். கருப்பில் அது அப்பட்டமாகத் தெரியும். அந்த நாள்களில் வேலையைத் தள்ளிப்போடுவதுதான் நியாயம். வெயிலும் சோதிக்கும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் 2018இல் வெளியிட்ட ஆய்வில், வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களின் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸைத் தொட்டிருந்தது. நம் ஊர்ச் சித்திரை வெயிலும் சளைத்ததல்ல. பிளாஸ்டிக் விரிந்து சுருங்கும்போதெல்லாம் பெயிண்டும் கூடவே போய் வர வேண்டும். கனமான பெயிண்டுக்கு அது முடியாது. முதலில் கிளிப் ஓரத்தில்தான் உரியத் தொடங்கும்.

பெயிண்ட் போகக்கூடாத இடங்களும் உண்டு. ஏசி வென்ட் தகடுகள் சுழலும் முனைகளை டேப் போட்டு மறைக்காவிட்டால் தகடு இறுகிவிடும். ஏர்பேக் மூடியில் நான் பெயிண்ட் அடிப்பதில்லை. 2019 ஜூலை முதல் நம் நாட்டில் புதுக் கார்களில் டிரைவர் ஏர்பேக் கட்டாயம். 2021 ஏப்ரல் முதல் படிப்படியாக முன்சீட்டுப் பயணிக்கும் கட்டாயமானது. விபத்து நேரும் கணத்தில் அந்த மூடி, குறிப்பிட்ட கோட்டில் குறிப்பிட்ட விதத்தில் பிளந்தாக வேண்டும். மேலே கெட்டியாக ஒரு படலத்தை ஏற்றி அதோடு விளையாட எனக்கு உரிமையில்லை. நிறம் கொஞ்சம் வேறாக நிற்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். வேண்டாமென்று போகிறவர் போகட்டும்.

சில வேலைகளில் பெயிண்டே தேவைப்படாது. பழைய ஐரோப்பியக் கார்களின் சுவிட்சும் கைப்பிடியும் பிசுபிசுவென்று ஒட்டும். ரப்பர் போல மெத்தென்று இருக்க அடித்த பாலியூரித்தேன் பூச்சு ஈரக்காற்றில் சிதைவதால் வருவது அது. ஆல்கஹால் தொட்டுப் பொறுமையாகத் துடைத்தால் பூச்சு மொத்தமும் கழன்று, அடியில் நல்ல பிளாஸ்டிக் தெரியும். பல நேரங்களில் அதை அப்படியே விட்டுவிடலாம்.

முடித்த பாகத்தின் மறைவான ஓரத்தில் பிளேடால் சதுரம் சதுரமாகக் கீறி, டேப் ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பார்க்கிறேன். ஒரு சதுரம் டேப்போடு வந்தாலும் பாகம் காருக்குள் திரும்பாது. ஹார்டனர் கலந்த பெயிண்ட் என்றால் அடிக்கும்போது அதற்கான மாஸ்க் போட்டே தீர வேண்டும். அதில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவில் கொண்டுபோய் விடும். வண்டியை எடுத்துப் போகிறவரிடம், ஒரு வாரம் துணியாலும் அழுத்தித் துடைக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புகிறேன்.

உங்கள் காரை யாரிடம் கொடுத்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். பாகத்தைக் கழற்றி அடிப்பீர்களா? அது என்ன பிளாஸ்டிக் என்று பார்த்தீர்களா? ஏர்பேக் மூடியை என்ன செய்வீர்கள்? மூன்றுக்கும் தெளிவான பதில் சொல்பவரிடம் நம்பிக் கொடுக்கலாம், கூலி கூடுதலாக இருந்தாலும். அந்தக் கூலியில் பெரும்பங்கு, பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் அவர் செலவழிக்கும் நேரத்துக்கானது.