மருந்துக் கடைப் புகையிலை

அமெரிக்காவில் மருந்துக் கடையிலேயே புகையிலையும் விற்பார்கள் என்று கேட்டதும் அந்தப் பழைய லாரி ஓட்டுநருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நோவும் அங்கயே, மாத்திரையும் அங்கயேவா? நல்ல யாவாரம்டா!" என்று தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

2013-ல், தேய்பிறை அஷ்டமி அன்று, அதியமான்கோட்டையில் நடந்தது இது. ஊரைத் தெரியாதவர்களுக்கு: தருமபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் ஏழெட்டுக் கிலோமீட்டர். காலபைரவர் கோவில் இருக்கிறது. தேய்பிறை அஷ்டமி வந்தால் சாம்பல் பூசணியில் விளக்கேற்ற எங்கெங்கிருந்தோ கூட்டம் வந்துவிடும். பெங்களூரில் குடியேறிவிட்ட ஒரு ரிட்டயர்டு வங்கி அதிகாரியும் குடும்பத்தோடு வருவார். அவர் மனைவி பூசணிக்காயோடு வரிசையில் நிற்பார். இவர் மெதுவாக நழுவி, பழைய சேலம் ரோட்டில் இருக்கும் ஓட்டுநர் வீட்டுப் புளியமரத்தடிக்கு வந்துவிடுவார், பைப்போடு. (பைரவர் மன்னிப்பாராக!) இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். ஒருவர் பேனா பிடிக்கப் போனார், இன்னொருவர் ஸ்டியரிங் பிடிக்கப் போனார். "டேய்" மட்டும் மாறவில்லை.

அதிகாரிக்கு பைப் என்றால் உயிர். நம்ம ஊரில் அதற்குச் சுங்கான் என்று அழகான பெயர் உண்டு, இப்போது யாரும் சொல்வதில்லை. நியூஜெர்சியில் இருக்கும் மகன் வரும்போதெல்லாம் ஒரு டப்பா விலை உயர்ந்த கலவை வாங்கி வருவான். அந்தத் தடவை டப்பாவோடு ஒரு மலிவுப் பொட்டலமும் வந்திருந்தது. கிளம்புகிற அவசரத்தில் பக்கத்து மருந்துக் கடையில் கைக்குக் கிடைத்ததை எடுத்துப் போட்டிருக்கிறான் பையன்.

அது பிரின்ஸ் ஆல்பர்ட். 1907-லிருந்து அமெரிக்காவில் விற்கிற சரக்கு. அங்கே இந்த ரகத்துக்கு "மருந்துக் கடைப் புகையிலை" என்றே பெயர். விவசாயியும் மெக்கானிக்கும் வாத்தியாரும் பல்பொடி வாங்கப் போன இடத்தில் சேர்த்து வாங்கி வருவது. இதில் இருப்பது பெரும்பாலும் பர்லி இலை. காற்றில் காயவைத்த இலை. இயல்பாகவே அதில் சர்க்கரை குறைவு, ஆனால் ஸ்பாஞ்சு மாதிரி எதையும் உறிஞ்சிக்கொள்ளும். அதனால் இனிப்போ, அதிமதுரமோ, கோகோவோ சேர்த்துப் பதப்படுத்துவார்கள். விலை உயர்ந்த டப்பாவில் இருந்தது வேறு சங்கதி: அனல் கொட்டகையில் உலர்த்திய வர்ஜீனியாவும், விறகுப் புகையில் தொங்கவிட்டுப் பதப்படுத்திய லட்டாக்கியாவும். லட்டாக்கியா சிரியா, சைப்ரஸ் பக்கத்துச் சரக்கு. டப்பாவைத் திறந்தால் மழையில் நனைந்த கூரைவீட்டு அடுப்பு மாதிரி ஒரு வாசனை வரும்.

அதிகாரி விளக்கமெல்லாம் சொல்லி முடித்து, தன் இரண்டாவது பைப்பில் உயர்ந்த சரக்கை அடைத்துப் பற்றவைத்து நீட்டினார். ஓட்டுநர் பீடி இழுக்கிற இழுப்பில் ஒரே இழுப்பு. கண்ணில் தண்ணீர்.

"உள்ள இழுக்கக் கூடாதுடா! வாயோட வெச்சு விடணும்."

"வாயோட வெக்கறதுக்கு நான் மிட்டாய் வாங்கிக்க மாட்டனா?"

நாக்கு வேறு சுட்டுவிட்டது. வர்ஜீனியாவில் சர்க்கரை அதிகம், அவசரமாக இழுத்தால் நாக்கைக் கடிக்கும். பழகினவர்களுக்கே அந்தக் கதி. அடுத்து மருந்துக் கடைச் சரக்கு. இந்தத் தடவை சொன்னபடி மெதுவாக இழுத்தார். நாலைந்து இழுப்புக்குப் பிறகு, "இது தேவலாம். இதுல புகையிலை இருக்கு" என்றார். அதிகாரி பதில் பேசவில்லை. அவருக்கும் அந்த மலிவுச் சரக்குதான் பிடித்திருந்தது என்பதை ஒரு வருஷம் கழித்துத்தான் ஒப்புக்கொண்டார். உலகத்தில் உள்ள டப்பாவையெல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் மருந்துக் கடைக்கே திரும்பி வருகிற பைப்காரர்கள் அமெரிக்காவிலேயே நிறைய உண்டாம்.

தரம் என்கிறோமே, அது இலையில் எவ்வளவு, தூரத்தில் எவ்வளவு? நம்ம திருச்சிச் சுருட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். உறையூரில் சுருட்டி, இங்கே கிழவனும் கிழவியும் திண்ணையில் உட்கார்ந்து பிடித்தது. அதே சுருட்டு கப்பலேறி லண்டன் போனதும் துரைமார் சரக்கு. 1887-ல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே சாம்பலைப் பார்த்து, "கொலைகாரன் பிடித்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு" என்று ஹோம்ஸ் கண்டுபிடித்துவிடுவார். நம்ம தாத்தா பிடித்தால் மட்டும் நாட்டுச் சரக்கு!

ஓட்டுநருடைய சரக்கு சுருட்டு அல்ல, பீடி. சேலத்திலிருந்து லோடு ஏற்றி வந்து, தொப்பூர் கணவாய் ஏறி முடித்ததும் வண்டியை ஓரங்கட்டிப் பற்றவைக்கிற ஒரு பீடி. அந்த ருசிக்கு ஈடாக எந்தத் தேசத்து டப்பாவும் வராது என்பார். டயரும் பிரேக்கும் நாமும் ஒரு மலையைத் தாண்டியாயிற்று என்கிற நிம்மதியும் அந்த ருசியில் சேர்ந்திருக்கிறது, அதை டப்பாவில் அடைக்க முடியாதுதான்.

பீடிக்கும் பைப்புக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. சிகரெட்டைப் பற்றவைத்துக் கீழே வைத்தால் அது பாட்டுக்கு எரிந்து தீரும். பீடி அப்படியல்ல, இழுக்காமல் விட்டால் அணைந்துபோகும். பைப்பும் அப்படித்தான். இரண்டுக்கும் கூடவே ஆள் இருந்துகொண்டே இருக்க வேண்டும். ஆனால் "பீடியில இலைதானே, கெமிக்கல் இல்லையே" என்பது வெறும் சமாதானம். அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருப்பதால் சிகரெட்டைவிடத் தாரும் நிகோடினும் கூடுதலாகவே உள்ளே போகும். பைப்காரர்கள் உள்ளே இழுப்பதில்லை, அவர்களுக்கு வாயும் நாக்கும் தொண்டையும் காத்திருக்கின்றன. புற்றுநோய் விலைச்சீட்டைப் பார்த்து வருவதில்லை.

பீடி இலை எங்கிருந்து வருகிறது என்று பீடி பிடிக்கிற பாதிப் பேருக்குத் தெரியாது. ஓட்டுநருக்குத் தெரியும். இன்றைய 44-ம் எண் நெடுஞ்சாலை அவர் காலத்தில் 7-ம் எண். காசியில் கிளம்பி ஜபல்பூர், நாக்பூர், ஹைதராபாத், பெங்களூர் வழியாக இந்த ஊரைத் தொட்டுக்கொண்டு கன்னியாகுமரி போகும். கோடையில் மத்தியப் பிரதேசக் காடுகளில் பெண்களும் பிள்ளைகளும் அந்த இலையைப் பறித்து, கட்டுக் கட்டாகத் தலையில் சுமந்து வருவதை வண்டியிலிருந்து பார்த்திருக்கிறார். அதே ரோட்டில் அந்த இலையை மூட்டை மூட்டையாக ஏற்றியும் வந்திருக்கிறார்.

இதுவரை சொன்னதெல்லாம் இரண்டு ஆண்கள் பேசிக்கொண்டது. மூன்றாவது ஆள் ஒருவர் இருந்தார், டீ கொண்டு வந்தவர். ஓட்டுநரின் மனைவி.

அவர் பிறந்தது குடியாத்தம் பக்கம். பத்து வயதிலிருந்து கல்யாணம் ஆகிறவரை பீடி சுத்தினவர். முந்தின நாளே இலையை நனைத்து, ஈரத் துணியில் சுற்றி வைத்து, காலையில் தகட்டை வைத்து அளவாக வெட்டி, தூளைப் பரப்பி, உருட்டி, நூல் கட்டி, தலையை மடக்கி... ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலிக் கணக்கு. இலையும் தூளும் கான்ட்ராக்டர் எடை போட்டுக் கொடுப்பார். கொடுத்த இலையில் பாதி ஓட்டையாக இருந்தாலும் ஆயிரம் என்றால் ஆயிரம் வந்தாக வேண்டும், குறைந்தால் கூலியில் பிடித்தம். கட்டியதில் சரியில்லை என்று ஒதுக்குவது வேறு. ஒதுக்கின பீடியைத் திருப்பியும் தரமாட்டார்களாம், அதற்குக் காசும் கிடையாதாம். 1966-ல் பீடித் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. அந்த அம்மாவுக்கு அப்போது பத்து வயதுதான். சட்டம் வந்த சேதி அவர் வீட்டுத் திண்ணை வரைக்கும் வந்து சேரவில்லை.

டீயை வைத்துவிட்டு, "என்னண்ணா அது?" என்று கேட்டார். அதிகாரி விளையாட்டாக மூன்றையும் நீட்டினார். வாழ்நாளில் ஒரு தடவைகூடப் புகை பிடிக்காத அந்த அம்மா, விலை உயர்ந்த கலவையில் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்து மோந்தார்.

"இதுல அடுப்பங்கரை வாசனைதான் வருது. புகையிலையக் காணோம்."

மருந்துக் கடைச் சரக்கு: "இதுல வெல்லம் மாதிரி ஏதோ போட்டிருக்காங்கண்ணா." அதிகாரி ஆடிப்போனார். அவர் புத்தகம் படித்துத் தெரிந்துகொண்டதை இவர் ஒரு சிட்டிகையில் சொல்லிவிட்டாரே!

கடைசியாகப் புருஷனுடைய பீடிக் கட்டு. ஒன்றை உருவி, விரலில் உருட்டி, நூலை நகத்தால் நெருடிப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். அப்புறம் சொன்னார்:

"இதக் கட்டினவ அவசரத்துல இருந்திருக்கா. பாருங்க, முதல்ல நல்லா இறுக்கிக் கட்டியிருக்கா. இதெல்லாம் தொளதொளன்னு கெடக்கு. கணக்கு முடிக்கற நாளா இருக்கும். இல்லாட்டி வீட்ல புள்ள அழுதிருக்கும்."

இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷமாக அவர் பிடித்துப் போட்ட பீடிகளை அந்த அம்மா இப்படித்தான் படித்துக்கொண்டிருந்திருக்கிறார் என்பது ஓட்டுநருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த ஒரு டப்பாவின் விலைக்கு இரண்டு மாசம் பீடி வாங்கலாம் என்று சற்று முன்னால் பெருமையாகக் கணக்குச் சொன்னவர், அதற்குப் பிறகு அந்தக் கணக்கை யாரிடமும் சொன்னதில்லை.

இந்த ஊருக்குப் பெயர் கொடுத்த அதியமான் செத்தபோது ஔவை பாடிய பாட்டு ஒன்று புறநானூற்றில் இருக்கிறது, 235-வது. கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறைய கிடைத்தால் எங்களோடு சேர்ந்து குடிப்பான் என்று அழுவாள். அது எந்த ரகக் கள், நல்லதா புளித்ததா என்று அந்த இடத்தில் ஒரு வார்த்தை கிடையாது. கூட யார் இருந்தார்கள் என்பதுதான் இருக்கிறது. (நெடுநாள் வாழவைக்கும் நெல்லிக்கனியையும் இதே அதியமான்தான் ஔவைக்குக் கொடுத்தான் என்பதை பீடிக்காரர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.)

மறு வருஷம், 2014 செப்டம்பரில், அமெரிக்காவின் பெரிய மருந்துக் கடைத் தொடர்களில் ஒன்றான சி.வி.எஸ். தன் கடைகளில் புகையிலை விற்பதை அடியோடு நிறுத்தியது. மருந்து விற்கிற இடத்தில் இதை விற்பது முறையல்ல என்று சொன்னார்கள். அதிகாரி பேப்பரில் படித்துவிட்டு போன் செய்தார். "நான்தான் அப்பவே சொன்னனே!" என்றார் ஓட்டுநர், தன் பேச்சைக் கேட்டுத்தான் அமெரிக்காக்காரன் நிறுத்தினான் என்கிற மாதிரி.

2019-ல் ஓட்டுநருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. புளியமரத்திலிருந்து வாசல்படி வருவதற்குள் இரண்டு தடவை நிற்க வேண்டியிருந்தது. டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒரே வரிதான் சொன்னார். பீடி அன்றோடு நின்றது. முதல் ஒரு மாசம் வீட்டில் யாரும் அவரிடம் பேச முடியவில்லை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தார். அடுத்த அஷ்டமிக்கு அதிகாரி வந்தபோது கையில் பைப் இல்லை. எங்கே என்று இவரும் கேட்கவில்லை, விட்டுவிட்டேன் என்று அவரும் சொல்லவில்லை. டீ குடித்தார்கள். கணவாயில் லாரி இறங்குகிற சத்தத்தை வைத்தே லோடு எவ்வளவு என்று சொல்லிவிடுவேன் என்றார் ஓட்டுநர். அங்கிருந்து கணவாய்ச் சத்தமெல்லாம் கேட்காது, அதிகாரிக்கும் அது தெரியும். ஆமாம் என்று தலையாட்டினார்.

அந்த உயர்ந்த சரக்கு வந்த டப்பா இன்றைக்கும் அந்த வீட்டு அடுப்படி அலமாரியில் இருக்கிறது. அந்த அம்மா அதில் கிராம்பு போட்டு வைத்திருக்கிறார். எத்தனை தடவை சீயக்காய் போட்டுக் கழுவினாலும் உள்ளே அந்த விறகுப் புகை வாசனை போகவில்லையாம். குருமா வைக்கிற அன்றைக்கெல்லாம் ஓட்டுநர் சட்டியை மோந்து பார்த்துவிட்டு, "இன்னிக்கு என்ன, ஆபீசர் வாசனை அடிக்குது?" என்பார்.