சந்தக்பூவுக்கு மூவர் நடந்த கதை

கொல்கத்தாத் தமிழர்களுக்கு மலை என்றால் டார்ஜிலிங்தான். அங்கே சூரியோதயம் பார்த்து, தேயிலைப் பொட்டலம் வாங்கித் திரும்பினால் யாத்திரை முற்றுப்பெற்றதாக எண்ணுகிறோம். ஆனால் அதற்கு அப்பால், மானேபஞ்சன் என்னும் சிற்றூரிலிருந்து சிங்காலிலா மலைத்தொடரின் முகட்டோடு ஒரு பாதை செல்கிறது. இடப்புறம் நேபாளம், வலப்புறம் இந்தியா. ஏறத்தாழ 31 கிலோமீட்டர் நடந்தால் சந்தக்பூ. உயரம் 3,636 மீட்டர். மேற்கு வங்கத்தில் அதனினும் உயர்ந்த இடமில்லை.

சென்ற அக்டோபரில் இவ்வழியே நடக்கப் புறப்பட்டோம் மூவர். ஒருவர் பந்தாட்டக்காரர், இளமையில் மைதானத்தில் ஓடிய ஓட்டம் இன்னும் காலில் மிச்சமிருப்பவர். மற்றவர் ஓய்வுபெற்ற கணக்கர். மின்தூக்கி பழுதானால், அது சீராகும்வரை கீழ்வீட்டுத் திண்ணையிலேயே அமர்ந்திருப்பவர். இவ்விருவருக்கும் இடையே தூதனாக நான்.

பந்தாட்டக்காரரின் பையில் ஒரு மாற்றுடை, ஒரு கம்பளிச் சட்டை. கணக்கரின் மூட்டையிலோ அரிசி, பருப்புப்பொடி, ரசப்பொடி, அப்பளம், நாரத்தங்காய், இவற்றோடு ஓர் ஈயச்சொம்பு!

"ஓய், நாம் போவது மலைக்கா, உம் மகள் சீமந்தத்துக்கா?" என்றார் பந்தாட்டக்காரர்.

"பசி வந்தபின் கேளும், பதில் சொல்கிறேன்" என்றார் கணக்கர்.

முதல் ஏற்றமே செங்குத்து. கணக்கர் நூறடிக்கு ஒருமுறை நின்று, இயற்கையை ரசிப்பதாகக் கூறினார். மேக்மா என்ற ஊரை அடைந்தபோது எதிரே நின்றவர் முகமே தெரியாதபடி மூடுபனி. அங்கும் நின்று ரசித்தார். "பெயரிலேயே மேகம் இருக்கிறதே, வேறெதை எதிர்பார்த்தீர்?" என்று எங்களையே கேட்டார்.

இரவு தும்லிங்கில் தங்கினோம். மறுநாள் பாதை கய்ரிபாஸ் வரை கீழே இறங்கி, மீண்டும் ஏறியது. கணக்கருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "வரவு வைத்ததையெல்லாம் செலவெழுதிவிட்டு மறுபடி முதலிலிருந்தா? இது எந்த ஊர்க் கணக்கு?" என்று வழிகாட்டியிடம் தமிழிலேயே வழக்காடினார். அவர் புன்னகையோடு நடந்தார்.

காலிபோக்ரியைப் பந்தாட்டக்காரர் எங்களுக்கு இரண்டு மணி முன்னதாகவே அடைந்தார். கரிய நீர் நிறைந்த குளமும், கரையெங்கும் படபடக்கும் பிரார்த்தனைக் கொடிகளும் உள்ள இடம் அது. நாங்கள் சேர்ந்தபோது அவர் தலையைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். இரவில் வாந்தியும் எடுத்தார். 2,500 மீட்டருக்கு மேல் வேகமாக ஏறினால் வரும் மலைநோய் இது. கட்டுடல் இதற்குக் கவசமாகாது. குறையும்வரை மேலே ஏறலாகாது. மிகுந்தால் உடனே இறங்கிவிட வேண்டும் என்றார் வழிகாட்டி.

பொழுது விடிந்தது, வானம் கண்ணாடிபோல் தெளிந்திருந்தது. சந்தக்பூ இன்னும் ஆறே கிலோமீட்டர். "நீங்கள் போய்ப் பாருங்கள், இப்படி ஒரு நாள் திரும்பக் கிடைக்காது" என்றார் நோயாளி. என் கால்களும் துடித்தன என்பதை மறைப்பானேன்?

கணக்கர் மட்டும் மூட்டையை அவிழ்த்தார். "மூவராகத் தொடங்கிய கணக்கு. இருவராக முடித்தால் ஐந்தொகை இடிக்கும்" என்றார். அந்த உயரத்தில் தண்ணீர் நூறு பாகைக்கு வெகு முன்பே கொதித்துவிடுவதால் அரிசி எளிதில் வேகாது. பொறுமையே உருவாக அடுப்பருகில் அமர்ந்து, அதைக் கஞ்சியாகக் குழைத்து, மிளகு ரசத்தோடு ஊட்டினார். மாலையில் மேகம் திரண்டு வானத்தை மூடியது. அவர் அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் நண்பருக்கு நோய் முற்றிலும் நீங்கியது. இம்முறை கணக்கர் முன்னே. பந்தாட்டக்காரர் அவர் அடியொற்றிப் பின்னே. நூறடிக்கு ஒருமுறை மூவரும் இயற்கையை ரசித்தோம்.

சந்தக்பூவில் மறுநாள் விடியலில் மேகம் விலகியது. 8,586 மீட்டர் உயரக் கஞ்சன்ஜங்கா, சயனித்த புத்தரைப்போல் நீண்டு கிடந்தது. மேற்கே எவரெஸ்ட், லோட்சே, மக்காலு. உலகின் மிக உயர்ந்த ஐந்து சிகரங்களில் நான்கை ஒரே இடத்தில் நின்று கண்டோம். கணக்கர் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, "சரியாக இருக்கிறது" என்றார்.

செல்ல விரும்பும் அன்பர்களுக்கு: அக்டோபர், நவம்பரில் வானம் தெளிவு, ஏப்ரல், மே மாதங்களில் ரோடோடெண்ட்ரான் மலர்கள். மழைக்காலத்தில் சிங்காலிலா தேசியப் பூங்கா மூடப்படும். வழிகாட்டியை மானேபஞ்சனிலேயே அமர்த்திக்கொள்ள வேண்டும். பயணத் திட்டத்தில் ஒரு நாளை மிச்சம் வையுங்கள். கூட்டத்தில் மெதுவாக நடப்பவரை முன்னே விடுங்கள்.