இரண்டாம் குரல்

அஜக்ஸில் பிக்கரிங் வில்லேஜ் பக்கம் போயிருக்கிறீர்களா? அங்கே செயின்ட் பிரான்சிஸ் சென்டர் என்று ஒரு செங்கல் கட்டடம் இருக்கிறது. 1871இல் கத்தோலிக்கத் தேவாலயமாகக் கட்டியது. இப்போது நகரசபையின் கலை மண்டபம். போன டிசம்பரில் அங்கேதான் ஒரு அ கப்பெல்லா கிறிஸ்மஸ் கச்சேரி கேட்டோம். 'சிற்றாலயத்தில் பாடுவதுபோல' என்பது அந்த இத்தாலியச் சொல்லின் பொருள். வாத்தியம் எதுவும் கிடையாது. குரல் மட்டும்தான்.

குடும்பக் கச்சேரி என்பதால் பிள்ளைகள் நெளியலாம், கேள்வி கேட்கலாம். அக்காவின் எட்டு வயது மகள் இரண்டையும் செய்தாள். சங்கீத வகுப்புக்குப் போகிறவள். "சித்தி, சுருதிப் பெட்டி எங்க?" என்பது முதல் கேள்வி.

நல்ல கேள்வி. நம் சங்கீதத்தில் பாட்டு முடியும்வரை சுருதி பின்னால் ஒலித்துக்கொண்டே இருக்கும். கொஞ்சம் விலகினாலும் திரும்பி வந்து பிடித்துக்கொள்ளலாம். இவர்களிடம் இருந்தது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு வட்ட ஊதி. தொடங்குமுன் ஒருவர் அதில் ஒரு ஸ்வரம் ஊதினார். பிறகு ஆறு பேரும் ஒருவரை ஒருவர் கேட்டுத்தான் நிற்க வேண்டும். ஒருவர் மயிரிழை இறங்கினால் மற்றவர்களும் கூடவே இறங்கிவிடக்கூடும். வாயைவிடக் காதுக்குத்தான் அங்கே வேலை அதிகம்.

ஒருவர் வாயாலேயே டிரம்ஸ் அடித்தார். கொன்னக்கோல் கேட்டு வளர்ந்த நாங்கள் அதற்கெல்லாம் அசருவோமா? அசந்துதான் போனோம்.

'கேரல் ஆஃப் த பெல்ஸ்' வந்தது. விளம்பரங்களில் கேட்டிருப்பீர்கள், ஒரே நாலு ஸ்வரம் சுற்றிச் சுற்றி வரும். அது முதலில் கிறிஸ்மஸ் பாட்டே இல்லை. உக்ரேனிய நாட்டுப் பாடலொன்றை மிக்கோலா லியோன்டோவிச் வெறும் குரல்களுக்காக அமைத்தார். 1916இல் கீவில் பாடப்பட்டது. அதில் மணியும் இல்லை. ஒரு தகைவிலான் குருவி வீட்டுக்கு வந்து நல்ல காலத்தைச் சொல்கிறது. மணிகள் 1936இல் வந்த ஆங்கில வரிகளோடு சேர்ந்தவை.

கடைசியில் விளக்குகளைக் குறைத்து, 'சைலண்ட் நைட்' பாட்டை எல்லோரும் பாடலாம் என்றார்கள். 1818இல் ஆஸ்திரியாவில் முதன்முதல் பாடியபோது அதற்கு வாத்தியம் ஒரு கிட்டார்தான்.

"பூட்டி பிழையாப் பாடுறா" என்று என் காதுக்குள் சொன்னாள் சின்னவள். எனக்கு அம்மம்மா, அவளுக்குப் பூட்டி. "இந்தக் குளிருக்குள்ள நான் ஏன் பிள்ளை?" என்றவரைக் கெஞ்சித்தான் கூட்டி வந்திருந்தோம். காது கொடுத்தேன். மெட்டு இல்லை. மெட்டுக்குக் கொஞ்சம் கீழே, அதோடு ஒட்டிக்கொண்டு, அது ஏறும்போது ஏறி இறங்கும்போது இறங்கி, இன்னொரு பாட்டு. ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

வெள்ளிக்கிழமை தவறாமல் ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் போகிறவர் அம்மம்மா. தேவாரம் தவிர வேறெதுவும் அவர் பாடி நான் கேட்டதில்லை.

"உடுவில் போர்டிங்கில நான் எப்பவும் ஆல்டோதான்" என்றார், காருக்குள் ஏறிய பிறகு. உடுவில் மகளிர் கல்லூரி 1824இல் அமெரிக்க மிஷனரிகள் யாழ்ப்பாணத்தில் தொடங்கியது. சைவப் பிள்ளைகளும் அங்கே படித்தார்கள். பக்கத்தில் நின்று மெட்டுப் பாடிய சிநேகிதி எங்கே என்று கேட்டேன். லண்டனில் என்று கேள்வி, இப்போது இருக்கிறாளோ தெரியாது என்றார்.

"அப்ப ஏன் அம்மம்மா வீட்டில ஒருநாளும் பாடேல்லை?"

"தனியப் பாடினா அது பாட்டாயிருக்காது, பிள்ளை. மற்றக் குரல் வேணுமெல்லே."

கிங்ஸ்டன் ரோட்டில் சிவப்பு விளக்கு. பின் சீட்டில் சின்னவள் மெட்டைத் தொடங்கினாள்.

"கொஞ்சம் இறக்கித் தொடங்கம்மா," என்றார் அம்மம்மா. "இந்தச் சுருதி எனக்குக் கூட."