ஆக்கம் பிள்ளையுடையதா, உம்மாவுடையதா?

ஒவ்வொரு தவணை முடிவிலும் ஆரம்பப் பிரிவில் பிள்ளைகளின் ஆக்கங்களை மேசையில் அடுக்கி வைப்போம். பார்த்த உடனேயே எங்களுக்கு விளங்கிவிடும். வெட்டு நேராக, பசை வழியாமல், மினுக்கத் தூள் எல்லாம் போட்டு வந்தால் அது உம்மா இரவு பதினொரு மணி வரை நித்திரை முழித்துச் செய்தது. சிலது கடையில் ஓடர் கொடுத்து எடுத்தது. "எப்படி மகன் செய்தீங்க?" என்று கேட்டால் பிள்ளை நிலத்தைப் பார்க்கும்.

இன்னொரு பிள்ளை அன்றைக்குப் பாடசாலைக்கே வராது. வாப்பா கூலி வேலை. பிரிஸ்டல் போட், கம், கலர் பேப்பர் என்று வாங்கினால் அன்றைய கறிக்காசு போய்விடும். அதைச் சொல்ல வெட்கப்பட்டு, மறுநாள் வந்து "காய்ச்சல் டீச்சர்" என்று நிற்கும். இந்த இரண்டு பிள்ளைகளுக்காகவும்தான் இதை எழுதுகிறோம்.

2022 இல் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டது நினைவிருக்கும். அந்த வருடம்தான் எங்கள் பிரிவு ஆசிரியர்கள் கூடிப் பேசி ஒரு சட்டம் வைத்தோம். ஆக்கத்துக்கென்று காசு கொடுத்து எதுவும் வாங்கக்கூடாது. குசினியிலும் வளவிலும் கிடைப்பது மட்டும்தான். அதற்குப் பிறகு ஆக்கம் கொண்டுவரும் நாளில் காய்ச்சல் நன்றாகக் குறைந்திருக்கிறது.

வீட்டில் செய்து பார்க்கச் சில வேலைகள்:

பசை: இரண்டு மேசைக்கரண்டி கோதுமை மாவை எட்டு மேசைக்கரண்டி பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். பிறகு மெல்லிய நெருப்பில் கிண்டுங்கள். வெள்ளை மாறிப் பளபளப்பாக இறுகி வரும்போது இறக்குங்கள். கொதிக்கும் தண்ணீரில் மாவைக் கொட்டினால் கட்டி கட்டியாகிவிடும். இது சீக்கிரம் புளித்துவிடும் என்பதால் கொஞ்சமாகவே காய்ச்சுங்கள். அடுப்பு வேலை பெரியவர்களுடையது.

நிறம்: மஞ்சளுக்கு மஞ்சள் தூள், சிவப்புக்கு பீற்றூட் சாறு, மண்ணிறத்துக்கு மிஞ்சிப்போன பிளேன்டி. நீலத்துக்கு, வேலியில் படரும் நீலச் சங்குப்பூவைச் சுடுதண்ணீரில் போடுங்கள். அந்த நீலத்தில் ஒரு சொட்டுத் தேசிக்காய்ச் சாறு விட்டால் ஊதாவாகும். மஞ்சளில் சவர்க்காரத் தண்ணீர் பட்டால் சிவக்கும். "ஏன் உம்மா?" என்று பிள்ளை கேட்கும். அமிலம், காரம் என்ற பாடம் வருவதற்குப் பல வருடம் முந்தியே அதைக் கண்ணால் கண்டுவிடும்.

தராசு: உடுப்புக் கொழுவும் ஹேங்கர் ஒன்று, கழுவிய யோகட் கப் இரண்டு, நூல். ஹேங்கரின் இரண்டு முனையிலும் கப்பைக் கட்டி ஓர் ஆணியில் தொங்க விடுங்கள். கப்புகள் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இல்லாவிட்டால் வெறும் தராசே ஒரு பக்கம் சாயும். அதைப் பிள்ளையே கண்டுபிடித்துச் சரிப்படுத்தட்டும். உறையில் நிறை அச்சிட்ட சின்னத் தேயிலைப் பக்கற்றைப் படிக்கல்லாக வைத்து, வெங்காயத்தையும் கூழாங்கல்லையும் நிறுக்கலாம்.

நெசவு: பிஸ்கட் பெட்டி மட்டையின் எதிரெதிர் ஓரங்களில் ஒரே இடைவெளியில் சிறு வெட்டுகள் போட்டு நூலை இழுத்துக் கட்டுங்கள். பழைய துணியைக் கீலம் கீலமாகக் கிழித்து, ஒரு நூலுக்கு மேலே, அடுத்ததுக்குக் கீழே என்று கோர்க்க வேண்டும். அடுத்த வரியில் அது மாறும். மருதமுனைத் தறியிலும் பன் பாயிலும் இருப்பது இதே கணக்குத்தான். வீட்டில் மூத்தம்மா இருந்தால் அவரையும் பக்கத்தில் இருத்துங்கள். தென்னோலையில் மணிக்கூடும் பீப்பியும் செய்ய அவருக்குத் தெரிந்திருக்கும்.

கிழிப்பது, பிசைவது, கோர்ப்பது எல்லாம் சும்மா விளையாட்டு இல்லை. பென்சில் பிடிக்கத் தேவையான விரல்களின் சின்னத் தசைகள் இப்படித்தான் பலப்படுகின்றன என்று கல்வியற் கல்லூரியில் படித்தோம். தரம் 1 இல் எழுதக் கை நோகுது என்று அழும் பிள்ளைகளிடம் அதைத் தினமும் காண்கிறோம். உம்மா வெட்டிக் கொடுத்தால் பலப்படுவது உம்மாவின் கைதான்.

பெற்றோரிடம் நாங்கள் கேட்பது கொஞ்சம்தான். கத்தரிக்கோல் எடுக்கும்போது பக்கத்தில் இருங்கள். கோணலை நிமிர்த்தப் போகாதீர்கள். "வடிவா இல்ல" என்று சொல்லாமல், "இந்த இடத்த எப்படி ஒட்டின?" என்று கேளுங்கள்.

சக ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. அழகுக்குப் புள்ளி போட்டால் உம்மாமாருக்குத்தான் போட்டி வைக்கிறோம். நாங்கள் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நிமிடம் கொடுக்கிறோம். என்ன எடுத்தாய், எது பிழைத்தது, பிறகு என்ன செய்தாய் என்று சொல்ல வேண்டும். புள்ளி அதற்குத்தான். செய்த பிள்ளைக்கு ஒரு நிமிடம் காணாது, மணி அடித்த பிறகும் சொல்லிக்கொண்டே நிற்கும்.

லீவு வருகிறது. யோகட் கப்பையும் பிஸ்கட் பெட்டியையும் குப்பையில் போடாமல் ஒரு பக்கம் எடுத்து வையுங்கள்.