அதே படம், புது அட்டை

எங்கள் சிகாமட் பக்கத்துப் பூலோ காசாப்பில் ஒரு வீட்டைக் காலி செய்தார்கள். பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் சிங்கப்பூரில். "குப்பையில போட மனசு வரல அங்கிள், நீங்களே எடுத்துக்குங்க" என்று மருமகள் இரண்டு அட்டைப் பெட்டிகளைக் காரில் ஏற்றிவிட்டார். பிரித்துப் பார்த்தால் 'கர்ணன்' (1964) மட்டும் மூன்று: ஒரு வீடியோ நாடா, இரண்டு வட்டுகளில் ஒரு விசிடி, பொன்னெழுத்தில் 'டிஜிட்டல் ரீமாஸ்டர்' என்று போட்ட ஒரு டிவிடி. என் அலமாரியில் ஏற்கெனவே நான்கு கர்ணன் நிற்கிறார்கள். பெரியவரும் நம்ம ஆள்தான் போலிருக்கிறது.

*

ஒரு விசிடியில் 74 முதல் 80 நிமிடம் வரை பதியலாம். 'கர்ணன்' ஏறக்குறைய மூன்று மணி நேரப் படம். இரண்டு வட்டு என்றால் மிஞ்சிப் போனால் 160 நிமிடம். மீதி எங்கே? என் அனுபவத்தில் முதலில் போவது நகைச்சுவை. அடுத்தது பாட்டின் கடைசிச் சரணம். சண்டைக் காட்சியில் கைவைக்க மாட்டார்கள். அட்டையைத் திருப்பி வட்டுகளை எண்ணினாலே பாதி விமர்சனம் எழுதிவிடலாம்.

*

வெள்ளைக்காரச் சேகரிப்பாளர்களின் புலம்பலைப் படிக்கும்போது பொறாமையாக இருக்கிறது. 'ஸ்டார் வார்ஸ்' 1977இல் வந்தது. 1997இல் லூக்காஸ் அதில் புதிய காட்சிகளைச் சேர்த்துத் திரையரங்குக்கு விட்டார். 2004இல் டிவிடி, இன்னும் சில மாற்றங்களோடு. 2006இல் பழைய வடிவத்தை ஓர் உபரி வட்டில், சுமாரான தரத்தில், பிச்சை போடுவதுபோல் போட்டார்கள். 2011இல் புளூ-ரே, 2020இல் 4கே. ஒவ்வொரு தடவையும் காசு. கடைசியில் ரசிகர்களே பழைய 35 மி.மீ. பிரதிகளைத் தேடிப் பிடித்து, ஸ்கேன் செய்து, 1977இல் பார்த்த படத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள்.

அவர்களுடைய கோபம், படத்தை மாற்றிவிட்டார்களே என்பது. நமக்கு அது நேரெதிர். எதையுமே மாற்றாமல் அட்டையை மட்டும் மாற்றுகிறார்களே என்பதுதான் நம் வயிற்றெரிச்சல்.

*

ஒரு முடியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எம்.ஜி.ஆர். படம் ஒன்று. பெயர் வேண்டாம், உரிமை இப்போது யாரிடம் இருக்கிறதோ. இரண்டாவது டூயட்டில், திரையின் இடது கீழ் மூலையில் ஒரு முடி ஆடும். பிலிமிலிருந்து வீடியோ நாடாவுக்கு மாற்றும் டெலிசினி இயந்திரத்தின் வாயிலில் மாட்டிக்கொண்ட தூசு அது. என் நாடாவில் அந்த முடி இருக்கிறது. அதற்குப் பின் வந்த விசிடியில் இருக்கிறது. 'புதுப்பிக்கப்பட்டது' என்ற டிவிடியில் இருக்கிறது. மூன்று படங்களை ஒரே வட்டில் திணித்த 'த்ரீ இன் ஒன்'னிலும் இருக்கிறது, கொஞ்சம் கட்டம் கட்டமாக. போன மாதம் யூடியூபில் '4கே' என்று ஏற்றியிருந்தார்கள். பிரம்மாண்டமான முடி!

எண்பதுகளில் யாரோ ஒருவர் ஒரு பிற்பகலில் எடுத்த ஒரே நாடாவிலிருந்துதான் இத்தனையும் பிறந்திருக்கின்றன. பிலிமை மறுபடி யாரும் தொடவே இல்லை. வடிவம் மாறும்போதெல்லாம் நாம் காசு கொடுத்தது அந்த ஒரு பிற்பகலுக்கு.

*

எனக்குப் புரியக் கொஞ்சம் காலம் பிடித்த ஒரு விஷயம், பாட்டுக் கேட்பவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

சினிமா விநாடிக்கு 24 படச்சட்டம். மலேசியாவின் பால் முறை வீடியோ விநாடிக்கு 25. எனவே நாடாவுக்கு மாற்றும்போது படத்தைச் சற்று வேகமாக ஓட்டிவிடுவார்கள். 180 நிமிடப் படம் 173 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஒரு காட்சிகூட வெட்டப்படாமலே ஏழு நிமிடம் காணாமல் போகும். சுருதியும் கிட்டத்தட்ட அரைக்கட்டை ஏறும்.

தோட்டத்து வீடுகளில் நாடா போட்டுக் கேட்டு வளர்ந்த எங்கள் காதுக்கு டி.எம்.எஸ். கொஞ்சம் மேலே பாடியவர். இசைத்தட்டில் கேட்டபோது "என்ன இது, தூங்கி வழியுது" என்றுதான் தோன்றியது. பின்னாளில் அமெரிக்க என்.டி.எஸ்.சி. முறையில் டிவிடிகள் வந்தன. அந்த முறையில் 24 சட்ட வேகத்தைக் கெடுக்காமல் வைக்க முடியும். வைத்தார்களா? பல வட்டுகள் பழைய பால் நாடாவையே அந்த முறைக்கு மாற்றியவை. ஆகவே வேகமும் தப்பு, அசைவில் ஒரு நடுக்கமும் கூடுதல்.

சோதிக்க வழி: இசைத்தட்டில் பாட்டின் நீளம், வட்டில் அதே பாட்டின் நீளம், இரண்டையும் கைப்பேசியில் நேரம் பிடித்துப் பார். நூற்றுக்கு நாலு குறைந்தால் பழைய நாடா. அட்டையில் என்ன அச்சடித்திருந்தாலும் சரி.

*

'ராஜராஜ சோழன்' (1973), தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம். ஏ.பி. நாகராஜன் அகலத்துக்காகவே எடுத்தது. அகலம் உயரத்தைப் போல் 2.35 மடங்கு. பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் அது 1.33 மடங்குதான். பெட்டியை நிறைக்க இரு பக்கமும் வெட்டினால் படத்தில் 43 விழுக்காடு போய்விடும். சேனை போனது, சபை போனது, சோழர் மட்டும் நடுவில் நின்று யாரிடமோ பேசிக்கொண்டிருப்பார்.

இப்போது தொலைக்காட்சியே அகலமாகிவிட்டது. உடனே பழைய சதுரப் படங்களுக்கு வந்தது வினை. 'மனோகரா' (1954) போன்ற படங்களை அகலத் திரைக்குப் பொருத்த மேலும் கீழும் வெட்டுகிறார்கள், கிட்டத்தட்ட கால் பங்கு. தர்பார் காட்சியில் மேலே மகுடம் இல்லை, கீழே சங்கிலி இல்லை. சங்கிலி இல்லாமல் மனோகரன் ஏன் அப்படிக் கொதிக்கிறான் என்று புதிதாகப் பார்ப்பவர்களுக்கு விளங்குமா?

இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விட்டால் போதும். "காலியா இருக்கே, படம் பழுதோ" என்று வாடிக்கையாளர் கேட்பார்களாம். கேட்கட்டுமே.

*

2007இல் மோசர் பேயர் இந்தியச் சந்தையில் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் இறக்கியது. நம் காசுக்கு மூன்று வெள்ளிக்குள். திருட்டு வட்டு விற்பவனே திகைத்துப்போகும் விலை. ஊருக்குப் போய்வந்தவர்கள் முறுக்கோடு சேர்த்து வட்டுகளையும் மூட்டை கட்டி வந்தார்கள். சேகரிப்பாளனுக்கு அது பொற்காலமா? எண்ணிக்கைக்கு ஆம். யாருமே தொடாத ஐம்பதுகளின் கறுப்பு வெள்ளைப் படங்கள் எல்லாம் கைக்கு வந்தன, அதை மறுக்கக் கூடாது. ஆனால் 34 ரூபாய்க்கு விற்கும் வட்டுக்காகப் பிலிமைத் தேடி, கழுவி, புதிதாக ஸ்கேன் செய்ய எவராலும் கட்டுப்படியாகாது. 2018இல் அந்த நிறுவனத்தையே கலைக்கும்படி தீர்ப்பாகிவிட்டது. அதன் வட்டுகளை இன்று பெட்டி பெட்டியாக வாங்கிக்கொண்டிருப்பவர்களில் நானும் ஒருவன்.

*

இங்கே மலேசியாவில் 2003 முதல் ஒவ்வொரு வட்டிலும் அரசாங்கத்தின் மினுமினுக்கும் அசல் முத்திரை ஒட்டியிருக்க வேண்டும் என்று வந்தது. சிகாமட் பசார் மாலாமில் முத்திரை இல்லாத வட்டுகள் நீல விரிப்பில், முத்திரை உள்ளவை கடைக்குள் கண்ணாடிப் பின்னால். விற்பவருக்கு உரிமை உண்டா என்பதைத்தான் முத்திரை சொல்லும். உள்ளே இருக்கும் படம் முழுசா என்று சொல்லாது. திருட்டு வட்டில் முழுப் படமும் அசல் வட்டில் அரைப் படமும் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். யாரைத் திட்டுவது?

உள்ளூர் வெளியீடுகளுக்கு ஒரு பெருமை உண்டு, யாரும் சொல்வதில்லை: அடியில் மலாய் எழுத்து ஓடும். பக்கத்து வீட்டு மாச்சேக் 'பாசமலர்' பார்த்து அழுதது அந்த எழுத்தின் புண்ணியத்தில். பின்னால் வந்த 'மேம்பட்ட' பதிப்பில் அது இல்லை. அதனால் அந்தப் பழைய, மங்கிய வட்டையும் தூக்கிப்போட முடியாது.

இதுதான் தொல்லை. புதியது வந்தால் பழையதை ஒழிக்கலாம் என்றால் அலமாரி ஏன் நிரம்புகிறது? நாடாவில் காட்சிகள் முழுசாக இருக்கும், படம் மங்கல். டிவிடியில் படம் தெளிவு, ஒரு பாட்டு இல்லை. யூடியூபில் பாட்டு உண்டு, மகுடம் இல்லை. அஞ்சு பதிப்பும் சேர்ந்தால்தான் ஒரு படம்.

*

அப்படியென்றால் உண்மையான புதுப்பித்தலே நடக்கவில்லையா? நடந்தது. 2012 மார்ச்சில் 'கர்ணன்' சீர்செய்யப்பட்டுத் திரையரங்குக்கு வந்து சென்னையில் நூறு நாள் தாண்டியது. 2014இல் 'ஆயிரத்தில் ஒருவன்' (1965). 'மாயாபஜார்' (1957) 2010இல் வண்ணம் பூசிக்கொண்டு வந்தது, ஆனால் தெலுங்கில் மட்டும். அதே அரங்குகளில் தமிழிலும் எடுத்த படம்தான். நம் ரங்காராவ் இன்னும் கறுப்பு வெள்ளையிலேயே லட்டு விழுங்குகிறார். எனக்கு அதில் வருத்தமில்லை. வண்ணம் பூசுவதற்கு முன் செய்திருப்பார்களே, கீறல் நீக்கும் வேலை, அதுமட்டும் தமிழுக்கும் கிடைத்திருந்தால் போதும்.

*

நெகட்டிவ். எல்லாப் புலம்பலும் கடைசியில் இங்கேதான் வந்து முட்டும்.

சத்யஜித் ராயின் அப்பு முப்படங்களின் மூல நெகட்டிவ்கள் 1993இல் லண்டனில் ஒரு லேபில் பிடித்த தீயில் கருகின. கருகியதையும் யாரோ எறியாமல் வைத்திருந்தார்கள். இருபது வருஷம் கழித்து இத்தாலியின் பொலோன்யாவில் அந்தச் சுருள்களை ஊறவைத்து, நிமிர்த்தி, மீட்க முடிந்ததை மீட்டு, மீதிக்கு வேறு பிரதிகளைச் சேர்த்து, 2015இல் திரையிட்டார்கள். அதை இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை காசு கொடுத்து வாங்கியவன் ஏமாந்தவன் அல்ல.

கோடம்பாக்கத்தில் படம் எடுத்தவர் கடனுக்கு நெகட்டிவை எழுதிக் கொடுப்பார். வாங்கியவர் வீடியோ உரிமையை ஒருவருக்கும் தொலைக்காட்சி உரிமையை இன்னொருவருக்கும் பிரித்து விற்பார். பிலிம் யுகம் முடிந்து லேப்கள் மூடியபோது, வாடகை கட்டப்படாமல் கிடந்த டப்பாக்களுக்குச் சொந்தக்காரர் யார் என்பதே வழக்கு. உரிமைப் பத்திரம் ஒருவர் கையில், பிலிம் டப்பா வேறெங்கோ. வீடியோ உரிமைக்காரரிடம் இருப்பது அந்த முடி ஆடும் நாடா மட்டும். அவரும் வேறென்ன செய்வார்?

*

மலாய்ப் படத்துக்கும் இதே பாடுதான். பி. ரம்லி படங்கள் நாடாவாக, விசிடியாக, டிவிடியாகச் சுற்றிச் சுற்றி வந்தன. அதே சமயம் 1957இல் கேத்தே-கிரிஸ் எடுத்த 'பொந்தியானாக்' எங்குமே இல்லை. இயக்கியவர் பி.என். ராவ், 1939இல் தமிழில் 'ரம்பையின் காதல்' எடுத்த அதே ராவ். அவர் மறுவருஷம் எடுத்த 'சும்பா பொந்தியானாக்' பிழைத்திருக்கிறது. கேத்தே-கிரிஸின் மலாய்ப் படங்களை யுனெஸ்கோ 2014இல் ஆசிய பசிபிக் நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. சேர்க்க முடியாத ஒன்றுதான் எல்லோரும் கேட்கும் படம்.

*

வெள்ளம் பற்றியும் ஒரு வரி. 2011 ஜனவரிக் கடைசியில் சிகாமட் மூழ்கியது. தெனாங் இடைத்தேர்தல் வாக்களிப்பும் அந்த மழையில்தான். என் கீழ்த்தட்டு முழுக்கச் சேறு. நாடாவைக் கூட்டிலிருந்து கழற்றி, சுத்தமான தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, வேறு கூட்டில் மாட்டினால் ஒரு தடவை ஓடும். அந்த ஒரு தடவையில் பிரதி எடுத்துவிட வேண்டும். வட்டுகள் துடைத்ததும் பிழைத்தன, அட்டைகள்தான் கூழாகிவிட்டன. அட்டை இல்லாமல் அடுக்கிப் பார்த்தபோது எது 'ஸ்பெஷல்', எது 'கோல்டு', எது 'ரீமாஸ்டர்' என்று எனக்கே தெரியவில்லை.

2023 மார்ச்சில் மறுபடி வெள்ளம். அதற்குள் எல்லாம் மேல்தட்டுக்குப் போயிருந்தது.

*

அக்கா மகன் சொல்கிறான்: "மாமா, ஆஸ்ட்ரோல போடுறான், யூடியூப்ல இருக்கு, எதுக்கு இந்தப் பூஞ்சை எல்லாம்?"

"எந்தக் கர்ணன் இருக்கு அதுல?"

"என்ன மாமா, எத்தனை கர்ணன் இருக்கு லா?"

பதில் சொல்லவில்லை. இரண்டு தொலைக்காட்சிகளில் ஒன்றில் நாடாவும் இன்னொன்றில் யூடியூபும் ஒரே நேரத்தில் ஓடவிட்டேன். முதல் பாட்டு முடிவதற்குள் நாடா முந்திவிட்டது. "ஏன் மாமா இது ஓடுது?" என்றான். இருபத்தைந்து சட்டக் கதையைச் சொன்னேன். ஐந்து நிமிடம் கேட்டான், பிறகு கைப்பேசி.

*

சிகாமட்டுக்கு 2025 மார்ச்சிலிருந்து இடிஎஸ் ரயில் வருகிறது. கோலாலம்பூர் போய்வர இனி எளிது. மஸ்ஜித் இந்தியாவில் ஒரு காலத்தில் அண்ணன் ஒருவர் எனக்காகவே சுருட்டி எடுத்து வைப்பார். இப்போது அதே கடையில் கைப்பேசி உறை விற்கிறார். "அண்ணே, பழசு எதாச்சும் வந்தா சொல்றேன்" என்கிறார், பழக்க தோஷத்தில்.

ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் வீசியார் தயாரிப்பை நிறுத்தியது. அவர்கள்தான் கடைசி. இப்போது என்னிடம் உள்ள இரண்டில் ஒன்று நாடாவைத் தின்கிறது.

*

இந்த வாரம்: பூலோ காசாப் நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை. முதலில் அதைத் துடைக்காமல் நல்ல வீசியாரில் போடக் கூடாது, பூஞ்சை ஹெட்டில் ஒட்டி அடுத்த நாடாவுக்கும் போகும். மருந்துக் கடையில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு புட்டி, பஞ்சு வேண்டாம், நூல் உதிராத துணி. பெரியவர் உறையின் மேல் நீல மையில் '2 மணி 51' என்று எழுதியிருக்கிறார். வேகக் கணக்கை 24க்குத் திருப்பினால் 178 நிமிடம். என் நாலிலும் இவ்வளவு நீளம் கிடையாது.