ஆச்சி ரிட்டயர்ட் ஆன கதை

முக்கூடல் என்றதும் தமிழ் படித்தவர்கள் உடனே "ஓ, முக்கூடற்பள்ளு ஊரா?" என்பார்கள். கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே ஒரு பேராசிரியர் இப்படிக் கேட்டு என்னை எழுப்பி நிற்க வைத்துவிட்டார். இல்லை ஐயா, அந்த முக்கூடல் சீவலப்பேரி பக்கம், சிற்றாறு வந்து தாமிரபரணியில் சேருகிற இடம். எங்கள் முக்கூடல் மேற்கே, அம்பாசமுத்திரம் பக்கம். இதுவும் தாமிரபரணிக் கரைதான். ஆனால் எங்கள் ஊர்ப் பெயரை வெளியூர்க்காரர்களுக்குத் தெரியவைத்தது பாட்டு இல்லை, பீடி.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், எங்கள் ஆச்சி பீடி சுற்றியவள். "ரிட்டயர்ட் ஆனவர்".

எங்கள் தெருவில் இன்னொரு ரிட்டயர்டு ஆள் உண்டு. வாத்தியார் தாத்தா. காலையில் பேப்பர், பத்து மணிக்குக் காப்பி, சாயங்காலம் ஆற்றுப் பக்கம் ஒரு நடை. பார்க்கும்போதெல்லாம் "பொழுதே போக மாட்டேங்குது தம்பி" என்பார். ஓய்வு பெற்றவர்களின் பிரச்சனை என்றால் இதுதான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

ஆச்சிக்கு 58 வயதானது 2009-ல். பீடிக்கடையில் அவள் பாஸை முடித்து, பி.எஃப். பணத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலையில் வழக்கம்போலத் தட்டை எடுத்து மடியில் வைத்தாளாம். இலை இல்லை, தூள் இல்லை. வெறும் தட்டோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகு அதில் புளியை எடுத்துப் போட்டுக் கொட்டை நீக்கினாளாம். அம்மா இப்போதும் சொல்லிச் சிரிப்பாள்.

பதினாலு வயதில் உட்கார்ந்தவள். கல்யாணம், பிள்ளைப்பேறு, காய்ச்சல் எல்லாம் கழித்து 40 வருடம் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 800, மாதம் 25 நாள். பெருக்கிப் பாருங்கள், 96 லட்சம் பீடி! (இத்தனைக்கும் வீட்டில் யாருக்கும் புகைக்கிற பழக்கம் கிடையாது.)

வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறவர்களுக்கு பி.எஃப். கிடைத்ததே பெரிய கதை. 1966-ல் பீடித் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. பி.எஃப். சட்டத்துக்குள் பீடித்தொழில் வந்தது 1977-ல். அதற்குப் பிறகும், வீட்டில் சுற்றுகிறவர்கள் எங்கள் தொழிலாளர்களே இல்லை என்று முதலாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1985-ல் உச்ச நீதிமன்றம்தான், வீட்டில் இருந்து சுற்றினாலும் அவர்கள் தொழிலாளர்களே, பி.எஃப். உண்டு என்று சொன்னது. அதற்குப் பிறகு 1995-ல் பென்ஷன் திட்டம். சராசரிச் சம்பளத்தை வேலை பார்த்த வருடத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். ஆச்சிக்குச் சராசரி 1800, வருடம் 14. நீங்களே போட்டுப் பாருங்கள், 360 வருகிறது. 1995-க்கு முந்தின வருடங்களுக்குத் தனியாக ஒரு கணக்கு உண்டு, அதைச் சேர்த்தும் ஆயிரத்தைத் தொடவில்லை. 2014 செப்டம்பரிலிருந்து குறைந்தபட்சம் 1000 ரூபாய் என்று ஆக்கினார்கள். அதிலிருந்து ஆச்சிக்கு மாதம் ஆயிரம். பிரஷர் மாத்திரை, வெற்றிலை, திங்கட்கிழமை தோறும் எனக்கு நூறு ரூபாய்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருடம் பரீட்சைக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. "என் புத்தகத்துல கெடக்கும், எடுத்துக்கோ" என்று சொல்லுகிறவள், அன்றைக்கு "அப்பாட்ட கேளு" என்றாள். சந்தேகம் வந்து, அவளுக்குத் தெரியாமல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் பேங்கில் பதிந்து பார்த்தேன். நாலு மாதமாகப் பென்ஷன் ஏறவில்லை.

ஆனால் நாலு மாதமும் திங்கட்கிழமை நூறு ரூபாய் நிற்கவில்லையே!

கேட்டேன். முதலில் மழுப்பினாள். பிறகு சொன்னாள். "லைஃப் சர்டிபிகேட்டுக்கு நாலு மட்டம் போனேன்ல. அந்த மிஷின் நான் நான் இல்லங்கு. அந்தப் பையனும் எத்தனை மட்டம்தான் அழுத்துவான்? 'பாட்டி, உங்க கை விழ மாட்டேங்கு, பொறவு பாப்போம்'னுட்டான்."

"அப்ப எனக்குத் தந்த ரூபா?"

பதில் இல்லை. அம்மாதான் கண்ணைக் காட்டினாள். பக்கத்து வீட்டு அக்கா பாஸில் ஆச்சி தினமும் இருநூறு, முந்நூறு சுற்றிக் கொடுத்திருக்கிறாள். மத்தியானம், நான் கல்லூரியில் இருக்கிற நேரமாகப் பார்த்து. 74 வயதில்.

அந்த நாலு மாதத்து நூறுகளையும் நான் எதற்குச் செலவழித்தேன் என்று இங்கே எழுத எனக்குத் தைரியம் இல்லை. பெரும்பாலும் புரோட்டா.

பென்ஷன் வாங்குகிறவர்கள் வருடத்துக்கு ஒரு தடவை உயிரோடு இருக்கிறோம் என்று காட்ட வேண்டும். இதைக் கம்ப்யூட்டரில் செய்கிற ஜீவன் பிரமாண் முறை 2014 நவம்பரில் வந்தது. விரலை வைத்தால் ஆதாரில் உள்ள ரேகையோடு ஒத்துப்பார்க்கும். முந்தின வருடங்களில் தேங்காய் எண்ணெய் தேய்த்து, துடைத்து, பத்துத் தடவை அழுத்தி, ஒருவழியாக எடுத்துக்கொண்டிருக்கிறது. இந்தத் தடவை முடியவே இல்லை. ரேஷன் கடையில் அம்மாவோ நானோ கை வைத்துவிடுவோம் என்பதால், ஆச்சிக்கு ரேகை போனது வீட்டில் யாருக்குமே தெரியவில்லை.

அன்றைக்குத்தான் அவள் விரலை முதல் தடவையாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஆற்றில் கிடக்கிற கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருந்தன. வயதானால் எல்லோருக்குமே தோல் காய்ந்து ரேகை மங்கும். இவளுக்கு அதோடு தொழிலும். ஈர இலையைத் தகட்டை வைத்துக் கத்தரிக்கோலால் வெட்ட வேண்டும், தூளை வைத்து இந்த இரண்டு விரலால்தான் உருட்ட வேண்டும், நூலை இழுத்துக் கட்ட வேண்டும், முனையை நகத்தால் மடக்க வேண்டும். இதையே 96 லட்சம் தடவை. எந்த வேலைக்காகப் பென்ஷனோ அந்த வேலையே ரேகையைத் தேய்த்துவிட்டது. தேய்ந்த ரேகையைக் கொண்டுவா என்று பென்ஷன் கேட்கிறது. எனக்குக் கோபமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அப்புறம் தேடிப் பார்த்ததில், ரேகை விழாவிட்டால் கருவிழியை வைத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறது. 2021 நவம்பரிலிருந்து முகத்தைக் காட்டியே செய்யலாம். 2022-ல் பி.எஃப். பென்ஷன்காரர்களுக்கும் அது வந்துவிட்டது. செல்போன் இருந்தால் போதும்! நாலு மட்டம் வெயிலில் போய் வந்தவளிடம் இதை ஒருத்தரும் சொல்லவில்லை. வீட்டிலேயே செல்போனும் கையுமாகப் பேரன் ஒருவன் இருந்தான், அவனிடமும் அவள் கேட்கவில்லை. "படிக்கிற பிள்ளைய எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஆப்களை இறக்கினேன். பென்ஷன் நம்பர் பிஸ்கட் டப்பாவுக்குள் ஒரு துண்டுச்சீட்டில் கிடைத்தது. முதலில் என் முகத்தைக் கேட்டது (நான் ஆபரேட்டராம்!). பிறகு ஆச்சி. வீட்டுக்குள் வெளிச்சம் பத்தவில்லை என்று திண்ணைக்குக் கூட்டிவந்தேன். தலைசீவிப் பவுடர் போட்டுக்கொண்டு வந்து, கல்யாணப் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி விறைப்பாக உட்கார்ந்தாள்.

"கண்ணச் சிமிட்டு ஆச்சி."

"எதுக்குல?"

"அப்பதான் நீ போட்டோ இல்ல, ஆளுன்னு அதுக்குத் தெரியும்."

"உசுரோட இருக்கேன்னு கவருமெண்டுக்குக் கண்ணடிச்சுக் காட்டணுமாக்கும்! உங்க தாத்தாவுக்கே நான் அடிச்சதில்ல."

தெருவே சிரித்தது. சிரித்ததில் முகம் ஆடி, முதல் தடவை எடுக்கவில்லை. ஒரு கண்ணில் புரை ஆபரேஷன் செய்தது, இமை மெதுவாகத்தான் மூடும். இரண்டாவது தடவையும் இல்லை. எனக்கு உள்ளுக்குள் உதறியது, இதுவும் நீ நீயில்லை என்று சொல்லிவிடுமோ என்று. மூன்றாவது தடவை வட்டம் பச்சையானது.

நின்ற மாதங்களுக்கும் சேர்த்து அடுத்த மாதமே பணம் ஏறிவிட்டது. "இனிமே சுத்தக் கூடாது" என்று அப்பா சத்தம் போட்டார். சரி சரி என்று தலையை ஆட்டினாள். திங்கட்கிழமை நூறு ரூபாயை நான் வேண்டாம் என்றதற்கு என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. வாங்கிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு காலையில் எழுந்து வந்தால் திண்ணை நிறைய ஆட்கள். ஆச்சியோடு சேர்ந்து சுற்றின கிழவிகள், எல்லாரும் தலைசீவிப் பவுடர் போட்டு, கையில் பென்ஷன் சீட்டோடு. எண்ணிப் பார்த்தேன், ஏழு பேர். ஆச்சி தட்டை மடியில் வைத்துக்கொண்டு (புளிதான், நான் பார்த்தேன்) யார் முதலில், யார் பிறகு என்று அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தாள். மத்தியானத்துக்குள் ஆறு பேருக்கு முடிந்தது. ஏழாவது பாட்டிக்கு ஆதாரில் பெயர் ஒரு மாதிரி, பென்ஷன் சீட்டில் வேறு மாதிரி. திருத்த வேண்டும். அவளைப் புதன்கிழமை கூட்டிப்போக வேண்டும், அன்றைக்கு இரண்டு பீரியட் போகும்.