வோல்டேஜ் குறைஞ்சா காயில் ஏன் கருகுது?

பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இல் ஓடத் தொடங்கிய பிறகுதான், மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்த நம் கொங்குக் கிணறுகளுக்கு மெல்ல மெல்ல மோட்டார் வந்தது. இன்றும் மோட்டார் புகைந்தால் வைண்டிங் கடையில் முதல் கேள்வி, "வோல்டேஜ் எவ்வளவுங்க இருந்துச்சு?"

5 எச்.பி. மும்முனை மோட்டார்: 415 வோல்ட், ஏழரை ஆம்பியர். இரண்டையும் பெருக்கி, மும்முனைக்காக 1.73, பவர் ஃபேக்டர் 0.8 ஆகியவற்றாலும் பெருக்கினால் சுமார் 4,300 வாட். வேலையாகக் கிடைப்பது 3,730 வாட். மீதி பெரும்பாலும் சூடு.

வோல்டேஜ் குறைந்தால் கிணற்றாழம் குறையுமா? அதே தண்ணீரை ஏற்ற மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுக்கும். காயிலின் சூடோ, ஆம்பியரின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கிய அளவு. ஆம்பியர் 20 சதவீதம் ஏறினால் சூடு 44 சதவீதம் ஏறும்.

இப்படி ஆம்பியர் ஏறும்போது மோட்டாரை நிறுத்திக் காப்பது ஓவர்லோட் ரிலே; அதைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் மனசு பதறுகிறது. மாட்டி வையுங்க, அண்ணா.